அழகு ஓர் ஆளின் பெயரல்ல

மகனே,

நாங்கள் நல்ல சுகம், உங்கள் சுகமறிய ஆவல் என்று வழக்கமாகத் தொடங்கும் வரியை இம்முறை விட்டுவிடுகிறேன். இரண்டு வருடமாக நீயும் நானும் அந்த ஒரு வரியைத்தான் மாறிமாறித் தபாலில் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். சென்ற கிழமை உன் மனைவி அம்மாவுக்கு எழுதிய கடிதம் வந்தது. உறையில் அம்மாவின் பெயர் மட்டுமே இருந்தது. நான்தான் பிரித்து வாசித்தேன். மாமிக்கு மருமகள் எழுதுவதில் என்னைப் பற்றி என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் பிரித்தேன், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. என்னைப் பற்றித்தான் இருந்தது. நீங்கள் கட்ட யோசிக்கும் அந்தப் பெரிய மோதல் இயந்திரத்துக்கு எந்த நாடு என்ன செய்யும் என்று எல்லோருக்கும் எழுதிக் கேட்டு, வரும் பதில்களை ஒன்றுசேர்க்க ஓர் ஆள் தேவைப்பட்டதாம். உன் பேராசிரியர் உன்னை அந்த இடத்துக்கு வரச் சொன்னாராம். நீ மாட்டேன் என்றாயாம். காரணம் கேட்டதற்கு, 'நான் எழுதின ஒரு கடிதத்தாலை அப்பா அடைபட்டவர், இனி நான் ஆருக்கும் கடிதம் எழுதுற வேலைக்கு வரமாட்டன்' என்று சொன்னாயாம். இந்த மாத முடிவில் கூடும் கூட்டத்தில் அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்களாம். நீ சாப்பாட்டைக் குறைத்துவிட்டாய் என்றும் அவள் எழுதியிருக்கிறாள்.

இதை வாசித்த நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏனென்றால் நீ சொன்ன காரணம் பொய். நீ பொய் சொல்லவில்லை, உனக்கு அந்தப் பொய்யைச் சொன்னவன் நான். அதை அவிழ்த்து வைப்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

உன் அப்பா எப்படிப்பட்ட ஆள் என்று உனக்குத் தெரியும். முப்பது வருடம் நொத்தாரிசின் கந்தோரில் காணி உறுதிப் பத்திரம் எழுதிய கை இது. உறுதியின் முதற் பக்கம் முழுவதும் சாங்கோபாங்கமாக இருக்கும், விஷயம் பின்பக்கத்தில் நாலாவது வரியில் பதுங்கியிருக்கும். ஒருவன் சிரித்துக்கொண்டு கதிரையில் வந்து இருந்தால் இவன் எந்தப் பக்கத்து எல்லையை நகர்த்தப் பார்க்கிறான் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். வேலி அடைக்க வந்தவன் கதியால் தடியை ஒரு விரற்கடை தள்ளி நட்டுவிட்டான் என்று நான் நூல் பிடித்துப் பார்த்ததையும், நூல் என் பக்கத்தில்தான் பிழையென்று காட்டியதையும் நீ எத்தனை தரம் சொல்லிச் சிரித்திருக்கிறாய். அந்தச் சந்தேகம் எனக்குச் சோறு போட்டது. அதனால் அது நல்ல குணம் என்றே நினைத்திருந்தேன். உன்னையும் அதைக் கொண்டுதான் அளந்தேன். ஜப்பானுக்குப் போன புதிதில் துணிக்கைகளின் சுவையைப் பற்றி ஆராய்கிறேன் என்று நீ எழுதியபோது, பெடியன் ஏதோ விசுக்கோத்துத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டு வெட்கத்தில் மறைக்கிறான் என்று அம்மாவிடம் சொன்னவன் நான். சுவை என்பது அந்தத் துணிக்கைகளின் வகைக்கு விஞ்ஞானிகள் விளையாட்டாக வைத்த பெயர் என்று நீ விளக்கி எழுதினாய். நான் தலையாட்டிவிட்டு நம்பாமல் இருந்தேன்.

பிறகு அந்தக் கடிதம் வந்தது. நாலு பக்கம். முதற் பக்கம் முழுவதும் துணிக்கை, இலத்திரன், ஆர்முடுகல் என்று பள்ளிக்கூடப் புத்தகமாக இருந்தது. பழக்கதோஷத்தில் அதை மேலோடு பார்த்துவிட்டுப் பின்பக்கத்துக்குப் போனேன். நீ எழுதியிருந்தது இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்: "அழகும் எதிரழகும் சோடியாகத்தான் பிறக்கும். பிறந்த கணத்திலேயே செத்தும்விடும். சாகமுன் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. இதுவரை இரண்டு பக்கத்தையும் சமபலத்தோடு மோதவிட்டார்கள். அதனால் அழகு நின்ற இடத்திலேயே செத்தது. இனி ஒரு பக்கத்துக்குப் பலத்தைக் கூட்டப்போகிறோம். மோதல் எங்கே என்பது மட்டும் முடிவாகவில்லை. பல நாட்டுக்காரர் உதவ முன்வந்திருக்கிறார்கள்." அந்த நாளில் எங்கள் பத்திரிகையில் மோதல் என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான் இருந்தது, அதற்குக் கீழே செத்தவர்களின் தொகை இருக்கும். வீட்டை விட்டு ஆயுத இயக்கங்களுக்குப் போன பெடியளுக்கெல்லாம் புதிதாக ஒரு பெயர் வைப்பார்கள். அழகு என்பது அப்படி ஒரு பெடியனுடைய பெயர் என்று நான் சத்தியமாக நம்பினேன். அவன் சாவதற்கு முன் எவ்வளவு தூரம் ஓடுவான் என்று என் பிள்ளை கணக்குப் பார்க்கிறான் என்றே நினைத்தேன். படிக்கப் போனவன் யாரிடமோ அகப்பட்டுவிட்டான், புரிகிற ஆளுக்கு மட்டும் புரியட்டும் என்று எழுதுகிறான் என்று முடிவுகட்டினேன்.

உன்னிடம் ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம். மூன்று கிழமையில் கடிதம் போய்ச் சேர்ந்திருக்கும். நான் கேட்கவில்லை. கேட்டால் உசாராகிவிடுவாய் என்று நினைத்தேன். ஊர்காவற்றுறையில் உனக்குப் பௌதிகம் படிப்பித்த மாஸ்ரரிடம் காட்டினால் எது பாடம், எது களவு என்று பிரித்துச் சொல்வார் என்று அம்மாவுக்கும் சொல்லாமல் வெளிக்கிட்டேன். அந்தக் கடிதத்தை எங்கே வைத்தேன் என்பதுதான் நான் உனக்கு மறைத்தது. சட்டைப் பையில் இருந்ததை எடுத்தார்கள் என்று உனக்கு எழுதினேன். பையில் வைக்கவில்லை. நாலாக எட்டாக மடித்து, சைக்கிள் சீற்றுக்கு அடியில் கம்பிச் சுருளுக்குள் செருகினேன்.

எங்கள் புளியங்கூடலிலிருந்து போகிற வழியில், கடல் கடந்து வந்த இராணுவம் காவல் நின்ற சென்றியில் எல்லோரும் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டுதான் போகவேண்டும். அன்று நின்ற சிப்பாய் தமிழ் பேசுகிறவன், கடலுக்கு அந்தப் பக்கத்துத் தமிழ். எனக்கு முன்னால் போன இரண்டு பேரின் சட்டைப் பையிலும் கடிதம் இருந்தது, அவன் தொட்டும் பார்க்கவில்லை. என்னுடைய முகத்தைப் பார்த்தான், பிறகு சீற்றைக் கிழித்துக் கம்பிச் சுருளுக்குள் கையை விட்டான். கடிதத்தை விரித்து வாசித்துவிட்டு, "பெரியவரே, பையன் எழுதின லெட்டரை எதுக்கு இங்க ஒளிச்சு வச்சீங்க?" என்று கேட்டான். நல்ல கேள்வி. அவனுக்குத் துணிக்கை என்ற சொல் தெரியாது, அவர்கள் ஊரில் அதைத் துகள் என்பார்களாம். எதிரழகு யாருடைய ஆள் என்று கேட்டான். நான் கேட்க நினைத்த அதே கேள்வியை அவன் கேட்டபோது, என்னுடைய சந்தேகம் எனக்கு எதிரே துவக்கோடு நிற்பதுபோல் இருந்தது.

முகாமில் மேலதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அந்தச் சிப்பாய்தான் நடுவில் நின்று மொழிபெயர்த்தான். எனக்கு ஒருவரும் கை ஓங்கவில்லை, தேத்தண்ணிகூடத் தந்தார்கள். உன் மகன் என்ன வேலை செய்கிறான் என்று கேட்டார்கள். படிக்கிறான் என்றேன். என்ன படிக்கிறான் என்றார்கள். நீ எனக்கு இருபது கடிதத்தில் எழுதியிருந்தாய், அதில் ஒரு வரிகூட என் வாயில் வரவில்லை. அப்போது நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீ வாசிக்கத்தான் வேண்டும். "அவன் எழுதுறது உண்மையெண்டு நான் நம்பேல்லை ஐயா. அவனுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை" என்று சொன்னேன். சிப்பாய் அதிகாரியிடம் ஏதோ சொன்னான். பிறகு என்னை அடைத்து வைத்திருந்த அறைக்குத் திரும்பவும் கூட்டிக்கொண்டு போகும்போது, குரலைத் தாழ்த்தி, "கடைசியா சொன்னீங்களே, அதை நான் அவர்கிட்ட சொல்லல. பெத்த புள்ளையை அப்படிச் சொல்லாதீங்க" என்றான். என்னிலும் பார்க்க முப்பது வயது குறைந்தவன். அவனுடைய பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அடுத்த மாதம் அவனை எங்கேயோ மாற்றிவிட்டார்கள். நான் உன்னைக் கைவிட்டதை ஓர் அந்நியன் நடுவில் நின்று விழவிடாமல் பிடித்தான், அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரிகிறது.

கடிதத்தைக் காட்டத்தான் அவரிடம் போகிறேன் என்று நான் சொல்லியிருந்ததால், மறுநாள் பின்னேரம் மாஸ்ரரைக் கூப்பிட்டார்கள். அவர் கடிதத்தை முதற் பக்கத்திலிருந்து வாசித்தார், நான் வாசிக்காத அந்தப் பக்கத்திலிருந்து. வாசித்து முடித்து அதிகாரியிடம் ஆங்கிலத்தில் நாலு சொல் சொன்னார். அதிகாரியின் முகம் மாறிவிட்டது. அவரும் கல்லூரியில் அதைக் கொஞ்சம் படித்தவராம். பிறகு இரண்டு பேரும் அரை மணித்தியாலம் உன்னுடைய இயந்திரத்தைப் பற்றிக் கதைத்தார்கள். உன்னைப் பெற்றவன் சுவரோரத்து மர வாங்கில் ஒரு மூலையில் இருந்தேன். அன்றே என்னை விட்டுவிட்டார்கள். வெளியே வந்தபிறகு மாஸ்ரர் எனக்கும் சொன்னார்: "அழகு ஆளில்லை அண்ணை. கண்ணுக்குத் தெரியாத ஒரு துணிக்கை. உலகம் துவங்கேக்கை பொருளும் எதிர்ப்பொருளும் சரிக்குச் சரியாய்த்தான் பிறந்ததாம். இப்ப பாத்தால் ஒரு பாதி காணாமல் போட்டுது. எங்கை போனது எண்டு கேக்கத்தான் உங்கடை மகன் திரியிறான்." காணாமல் போனதைத் தேடிப் பெற்றோர் முகாம் முகாமாக அலைகிற ஊரில் இருந்துகொண்டு, என் பிள்ளையின் வேலையும் அதுதான் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

தெரிந்தும் நான் உனக்கு என்ன எழுதினேன்? உன் கடிதத்தால் வந்த வினை, இனிமேல் வேலையைப் பற்றி எதையும் எழுதாதே என்று எழுதினேன். சீற்றுக்கு அடியில் ஒளித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. உன்மேல் பழியைப் போட்டால் என்னிடம் ஒருவரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்று இருந்தேன். நீ மன்னிப்புக் கேட்டு எழுதினாய். அந்த மன்னிப்பையும் நான் வாங்கி அலுமாரிக்குள் வைத்தேன். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து சுகமறிய ஆவல் மட்டும் வந்தது.

இனி உன் வேலையைப் பற்றி. எனக்கு இன்னும் சந்தேகம் போகவில்லை, இதைப் படித்துச் சிரிக்காதே. உன் மனைவி எழுதியபடி, ஜப்பானியர் தங்கள் இடத்தில் ஒரு இயந்திரம், அமெரிக்கர் தங்கள் இடத்தில் ஒரு இயந்திரம் என்று யோசித்துக்கொண்டே இரண்டு பகுதியும் ஒரே மேசையில் இருந்து கதைக்கிறார்களாம். ஒருவர் காந்தம் செய்வாராம், இன்னொருவர் மோதலைப் பார்க்கிற கருவியில் ஒரு சுற்றுச் செய்வாராம். வாயால் சொல்லியிருக்கிறார்கள் போலிருக்கிறது. நான் கந்தோரில் எத்தனையோ பங்குக் கிணற்றுக்கு உறுதி எழுதினவன். நாலு குடும்பத்துக்கு ஒரு கிணறு என்றால் தண்ணீர் இறைக்கிற முறையைப் பற்றி நாலு பேரும் நாள் முழுக்கக் கதைப்பார்கள், கிணற்றில் விழுகிற சேற்றை யார் அள்ளுவது என்று ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். சண்டை வருவது சேற்றில்தான். உங்கள் இயந்திரத்துக்கும் சேறு என்று ஒன்று இருக்கும், அது என்னவென்று நீ கண்டுபிடித்து முதலிலேயே எழுத்தில் வாங்கு. ஒரு பங்காளி இடையில் ஊரை விட்டுப் போனால் அவனுடைய முறை யாருக்கு என்பதையும் எழுது. சொல்லையும் கவனி. காலமை இறைப்பது என்று நான் ஓர் உறுதியில் எழுதினேன். ஒரு வீட்டுக்குக் காலமை என்றால் கிழக்கு வெளுக்கும் நேரம், மற்ற வீட்டுக்குத் தேத்தண்ணி குடித்தபிறகு. அந்த ஒரு சொல் ஏழு வருடம் கோட்டில் வழக்காக நின்றது. நீ பல பாஷைக்காரருக்கு எழுதப்போகிறாய். நீ எழுதியதை அவரவர் தங்கள் சொல்லில் திருப்பி எழுதித் தரட்டும், அப்போதுதான் என்ன விளங்கினார்கள் என்று தெரியும்.

சந்தேகத்தை எவ்வளவுக்கு வைத்திருக்கலாம் என்பதையும் சொல்லவேண்டும். நீ பேராதனையில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் கிணற்றுக்கு நாலு வீடும் சேர்ந்து தண்ணீர் இறைக்கும் மெசின் ஒன்று எடுத்தோம். ஒருவர் களவாக இறைத்துவிடாமல் இருக்க ஆளுக்கொரு சாமானைக் கழற்றி வீட்டில் வைக்கலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். ஒரு வீட்டில் பிளக், ஒரு வீட்டில் பெற்றோல் மூடி, ஒரு வீட்டில் குழாய், என்னிடம் இழுத்து ஸ்டார்ட் பண்ணுகிற கயிறு. கொஞ்சக் காலம் நேர்த்தியாக ஓடியது, எனக்கும் பெருமைதான். திருவிழாவுக்கு நயினாதீவுக்குப் போனபோது கயிற்றை வீட்டில் விட மனமில்லாமல் மடியில் கட்டிக்கொண்டு போனேன். கடல் கொதித்து இரண்டு நாள் வள்ளம் விடவில்லை. நான் அம்மனைக் கும்பிட்டுக்கொண்டு அங்கே இருக்க, இங்கே நாலு வீட்டு மிளகாய்க் கன்றும் சுருண்டுபோயின. அதில் ஒரு பாத்தி எங்களுடையது. உன்னுடைய ஆட்களும் ஆளுக்கொரு சாமானை வைத்திருக்கத்தான் போகிறார்கள், அது பிழையில்லை. ஒருவருடைய சாமான் இல்லாமல் மற்றவரால் ஓட்ட ஏலாது என்றால் எல்லோரும் வந்துதான் ஆகவேண்டும். ஆனால் மடியில் கட்டிக்கொண்டு புறப்படுகிற ஆளை மட்டும் பார்த்துக்கொள். அந்த ஆளை உனக்கு முகத்தில் தெரியும், நீ அவனோடு இருபது வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறாய்.

இவ்வளவும் எழுதி வைத்துவிட்டு நேற்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சீற்றைப் பற்றியும், முகாமில் சொன்ன அந்த வார்த்தையைப் பற்றியும். குசினிக்குள் தேங்காய் திருவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை. சைக்கிள் சீற்றைக் கிழித்துப் பார்த்திருந்தது தனக்கு அப்போதே தெரியும், பையில் இருந்த கடிதத்துக்கு ஏன் சீற்றைக் கிழித்தார்கள் என்று யோசித்ததாகச் சொன்னாள். இரண்டு வருடம் ஏன் கேட்கவில்லை என்றேன். அதற்கு அவள், "பிழை உங்களிலை எண்டு தெரிஞ்சால் பிள்ளை கோவிப்பான், பிறகு எழுதுவான். தன்னிலை எண்டு நினைச்சுக்கொண்டிருந்தால் ஒருநாளும் எழுதமாட்டான். அதைச் சொல்லவேண்டியது நீங்கள்" என்றாள். எனக்கு இராச்சாப்பாடு இறங்கவில்லை.

கடிதம் உன்னிடம் வந்து சேரும்போது உங்கள் கூட்டம் முடிந்திருக்கும் என்று காலையில்தான் மண்டையில் உறைத்தது. அதனால் இன்று ஊர்காவற்றுறைக்குப் போய்த் தந்தி கொடுத்தேன். சென்றி அதே இடத்தில்தான், நிற்பவர்கள்தான் மாறிவிட்டார்கள். தபாற் கந்தோரில் 'பிழை என்னுடையது, பொறுப்பை ஏற்றுக்கொள், அப்பா' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். தந்தி அடிக்கிற தம்பி அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு என்னைப் பார்த்தான். இந்தக் காலத்தில் இப்படி ஒரு தந்தியை அவன் சந்தேகப்படாவிட்டால்தான் அதிசயம். "என்ன பிழை, என்ன பொறுப்பு ஐயா? மேலை கேட்டால் நான் சொல்லவேணும்" என்றான். எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். உன் மாமனார் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரியும் நின்றாள். குடும்ப விஷயம் என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம், என் வாய்க்குப் பழக்கமான மறுமொழி அதுதான். "என்ரை மகன் எழுதின கடிதத்தை நான் நம்பேல்லை. நம்பாமல் ஒளிச்சதாலைதான் நான் பிடிபட்டனான். பழியை அவனிலை போட்டிட்டன். அவனிலை ஒரு பிழையும் இல்லை. அதைத்தான் அடிக்கச் சொல்லுறன்" என்றேன். தம்பி தலையைக் குனிந்துகொண்டு தட்டத் தொடங்கினான்.

ஆகவே மகனே, இப்போது இது ஊருக்கே தெரிந்த கதை. உனக்கு அந்த வேலை பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு இரு, நான் ஒன்றும் சொல்லமாட்டேன். என்னைக் காரணம் காட்டி மட்டும் இனி மறுக்க ஏலாது. அந்தக் காரணத்தை நாலு பேர் பார்க்கப் பிடுங்கி எறிந்துவிட்டேன். உன் ஆட்களுக்கு எழுது. எனக்கும் எழுது, தமிழிலேயே, நாலு பக்கமும். முதற் பக்கத்திலிருந்து வாசிப்பேன். விளங்காத இடத்தில் வேறெவரிடமும் கொண்டுபோகமாட்டேன். உன்னைத்தான் கேட்பேன்.

அப்பா